ஒரு அணாச் சோறும் பாலாற்று உப்பும்

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், பேரணாம்பட்டு என்று பாலாற்றை ஒட்டிய எங்கள் தோல் ஊர்களில் ஒரு பெரிய வியாபாரி காலமானால், ஊர் அவரை எடைபோடும் முறை ஒன்று உண்டு. கல்லூரிக்கு என்ன கொடுத்தார், பள்ளிவாசலுக்கோ கோயிலுக்கோ என்ன செய்தார், எத்தனை ஏழைப் பெண்களுக்குக் கல்யாணம் நடத்திவைத்தார், எத்தனை பிள்ளைகளுக்குச் சம்பளம் கட்டினார் என்று பேசுவார்கள். பேசப்படுவதில் பொய் இருக்காது. இந்த ஊர்களின் கொடை உண்மையானது, கண்ணால் பார்க்கக் கூடியது. மேல்விஷாரத்திலிருந்து சென்னை சென்று தோல் வணிகத்தில் உயர்ந்து நகர ஷெரீப்பாக இருந்த நவாப் அப்துல் ஹக்கீமின் பெயரில் அந்த ஊரிலேயே 1965 முதல் கல்லூரி நடக்கிறது. வாணியம்பாடியில் 1919-ல் தொடங்கிய இஸ்லாமியா கல்லூரிக்குப் பின்னால் இருந்தது தோல் வியாபாரிகளின் பணம். அன்றைக்கு வட ஆற்காட்டின் ஒரு சிற்றூரில் கல்லூரி என்பதைச் சர்க்கார்கூட நினைத்துப் பார்த்திராது.

ஆனால் அந்த வியாபாரி நகராட்சித் தலைவராகவோ மேயராகவோ இருந்தவர் என்றால் இந்த எடைக்கல் போதாது. தன் பணத்தை எப்படிக் கொடுத்தார் என்பது அவர் நல்ல மனிதரா என்பதற்கான விடை. அடுத்தவர் கட்டிய வரிப்பணத்தையும், யாருக்கும் தனிச் சொத்தாக இல்லாத தண்ணீரையும் தெருவையும் எப்படிக் கையாண்டார் என்பதுதான் அவர் நல்ல நகரத் தலைவரா என்பதற்கு விடை. இந்த இரண்டையும் ஒரே தட்டில் போட்டு நிறுக்கும் பழக்கத்தால் எங்கள் பகுதிக்கு நேர்ந்த நஷ்டம் பெரிது. அதைச் சொல்ல, இந்த ஊர்க்காரர் அல்லாத ஒருவரின் வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் வணிகராகவும் நகர மன்றத்தவராகவும் நீண்ட காலம் இருந்து, இரண்டுக்கும் சான்றுகளை விட்டுச் சென்றவர் சர் பிட்டி தியாகராய செட்டியார். தி.நகர் என்று நாம் சுருக்கிச் சொல்லும் பெயருக்கு உரியவர்.

1852-ல் பிறந்தவர். தேவாங்கர் குலம், நெசவுக் குடும்பம். 1876-ல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். அந்தக் காலத்துப் பி.ஏ. பட்டம் ஒருவரை நேராகச் சர்க்கார் உத்தியோகத்தில் கொண்டுபோய் உட்கார வைக்கும். இவர் குடும்பத் தொழிலுக்குத் திரும்பினார். வடசென்னையில் நூறு தறிகள் அளவிலான நெசவுக் கூடம், அதோடு உப்பு, சுண்ணாம்பு, தோல் பதனிடுதல். இந்தப் பட்டியலைத் தோல் ஊர்க்காரன் வாசித்தால் சட்டென்று ஓர் உறவு தோன்றும், ஏனென்றால் உப்பும் சுண்ணாம்பும் தோலும் எங்கள் தொழிலின் முதல் மூன்று சரக்குகள். மில் முதலாளிகளின் அளவோடு ஒப்பிட்டால் அவர் சிறு தொழில்காரர்தான். பக்கிங்ஹாம் கர்நாடிக் மில்லில் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்த நகரத்தில், கைத்தறியை நம்பி நின்றவர். 1909-ல் இந்திய வியாபாரிகளுக்கென்று தென்னிந்திய வர்த்தக சபை உருவானபோது அதன் முன்வரிசையில் இருந்தார்.

1882-ல் சென்னை மாநகராட்சி மன்றத்துக்குள் நுழைந்தவர் 1922-ல்தான் வெளியே வந்தார். நாற்பது ஆண்டு. இதில் முப்பத்தேழு ஆண்டு அவர் வெறும் உறுப்பினர். தலைவர் நாற்காலி அதுவரை வெள்ளை அதிகாரிகளுக்கு உரியது. 1919-ல் சட்டம் மாறி, அதிகாரி அல்லாத ஒருவரை மன்றம் தேர்ந்தெடுக்கலாம் என்றானபோது முதலில் அமர்ந்தவர் இவர், வயது 67. மேயர் என்ற பட்டம் 1933-ல்தான் வந்தது என்பதால் ஏட்டில் அவர் ‘தலைவர்’. வேலை மேயர் வேலைதான்.

அந்த முப்பத்தேழு ஆண்டுகளை வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்கள் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். 1916 டிசம்பர் 20-ல் வெளியான பிராமணரல்லாதார் அறிக்கை, டாக்டர் டி.எம். நாயர், சி. நடேச முதலியார் ஆகியோரோடு தென்னிந்திய நல உரிமைச் சங்கம், பின்பு நீதிக்கட்சி என்று பெரிய அரசியலுக்கு ஓடிப்போகிறார்கள். என் பார்வையில் அவர் வாழ்க்கையின் கனம் அந்த நீண்ட, பெயர் தெரியாத பகுதியில்தான் இருக்கிறது. சாக்கடை, விளக்கு, குடிநீர்க் குழாய், ஆரம்பப் பள்ளி, வரி மதிப்பீடு என்று அலுப்பூட்டும் காரியங்களில் ஒருவர் அத்தனை காலம் உட்கார்ந்தால் அவருக்கு ஒன்று தெரிந்துவிடும்: நகரத்தில் நல்லது செய்ய நல்ல மனம் மட்டும் போதாது, அதற்குத் தலைப்பு வேண்டும், ஒதுக்கீடு வேண்டும், அடுத்த ஆண்டும் நடக்கும் என்ற உறுதி வேண்டும். அவர் தலைவரானதும் செய்த ஒரு காரியத்தில் இந்த அறிவு தெரிகிறது.

1920 செப்டம்பரில் மன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மத்தியானம் சாப்பாடு போட வேண்டும், ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் செலவு ஆகக் கூடாது. காரணமும் நேரடியானது. பசியால் பிள்ளைகள் பள்ளிக்கு வருவது குறைகிறது. பின்னர் இன்னும் நான்கு பள்ளிகளுக்குத் திட்டம் விரிந்தது.

இந்தத் தீர்மானத்தை நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு அணா என்பது ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு. தியாகராயர் நினைத்திருந்தால் அந்த ஒரு பள்ளிப் பிள்ளைகளுக்குத் தன் கைக்காசிலேயே சோறு போட்டிருக்கலாம். கோயில்களுக்கும் கல்விக்கும் அள்ளிக் கொடுத்தவர்தான் அவர். அப்படிச் செய்திருந்தால் பள்ளி வாசலில் அவர் பெயரில் ஒரு கல்வெட்டு நின்றிருக்கும், அவர் காலத்தோடு அடுப்பும் அணைந்திருக்கும். அவர் செய்தது வேறு. பசித்த பிள்ளைக்குச் சோறு போடுவது நகரத்தின் பொறுப்பு, வரிப்பணத்தில் செய்ய வேண்டிய செலவு என்று மன்றத்தின் புத்தகத்தில் எழுத வைத்தார். ‘ஒரு அணாவுக்கு மேல் கூடாது’ என்ற வரம்பில் கடைக்காரரின் கணக்குப் புத்தி இருக்கிறது. எவ்வளவு தாங்கும் என்று தெரிந்து, தாங்குகிற அளவுக்கு வைத்த தொகை. வியாபாரி நகரத் தலைவராவதில் நகரத்துக்கு லாபம் என்று ஒன்று இருந்தால் இதுதான் அது.

திட்டம் நிலைக்கவில்லை. ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து இந்தச் செலவை எழுத முடியாது என்று அரசு மறுத்ததால் 1925 ஏப்ரல் முதல் தேதியோடு நின்றது. அதே ஆண்டில் அவரும் 73 வயதில் காலமானார். நின்றுபோனதைத் தோல்வி என்று நான் எழுத மாட்டேன். கொடை நின்றால் யாரையும் கேட்க முடியாது, திட்டம் நின்றால் ஏன் நின்றது என்று கேட்கலாம். மதிய உணவு பிற்பாடு மாநிலம் முழுவதற்கும் 1956-ல் காமராசர் காலத்தில் வந்தது, 1982-ல் சத்துணவாகப் பெருகியது, 2022-ல் காலை உணவும் சேர்ந்தது. இவற்றுக்கெல்லாம் ஒரே ஊற்று ஆயிரம் விளக்குதான் என்று சொல்வது மிகை. பிள்ளையின் பசி பொதுப்பணத்துக்கு உரிய விஷயம் என்பதை முதலில் ஏட்டில் ஏற்றிய மன்றம் அவர் தலைமையில் இருந்தது என்பது மிகையில்லை.

தீர்மானம் வந்த 1920-இன் இறுதியில் இன்னொன்று நடந்தது. மாகாணத் தேர்தலில் நீதிக்கட்சி வென்றது. கட்சித் தலைவரான இவரை ஆளுநர் வெலிங்டன் அமைச்சரவை அமைக்க அழைத்தார். இவர் மறுத்து சுப்பராயலு ரெட்டியாரை முன்னிறுத்தினார். தமிழ்நாட்டு மேடைகளில் இது தியாகத்தின் உச்சமாகச் சொல்லப்படுகிறது. பெருந்தன்மைதான், சந்தேகமில்லை. ஆனால் முதலமைச்சர் பதவியை மறுத்தவர் மாநகராட்சித் தலைவர் பதவியை விடவில்லை என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். தனக்கு எந்த வேலை தெரியும் என்பதில் அவருக்குக் குழப்பம் இருக்கவில்லை. அதைத் துறவாகப் பார்ப்பதைவிடத் தெளிவாகப் பார்ப்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை.

இனி மறுதட்டு.

1921-ல் பக்கிங்ஹாம் கர்நாடிக் மில்லில் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள், சாதி இந்துத் தொழிலாளர்களும் முஸ்லிம் தொழிலாளர்களும் வெளியே நின்றார்கள். புளியந்தோப்பில் மோதல் வெடித்தது, குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடும் நடந்தது. எரிந்தது தியாகராயர் தலைவராக இருந்த நகரம். அப்போது நீதிக்கட்சியும் அதன் பத்திரிகையும் எடுத்த நிலை என்ன? தொழிலாளர் துறை அதிகாரிகள் ஆதிதிராவிடர்களுக்கு மிதமிஞ்சிச் செல்லம் கொடுத்ததுதான் கலவரத்துக்கு ஒரு காரணம் என்றார்கள். கட்சியோடு இருந்த ஆதிதிராவிடத் தலைவர் எம்.சி. ராஜா மனம் கசந்து 1923-ல் விலகினார்.

மயிலாப்பூர்க் கோயில் குடமுழுக்குக்குப் பத்தாயிரம் ரூபாய் கொடுத்த தியாகராயரை மேடையில் ஏற விடாமல் கீழே நிற்க வைத்தார்கள் என்ற செய்தி ஒரு நூற்றாண்டாகச் சொல்லப்பட்டு வருகிறது. பணம் வாங்கிக்கொண்டு ஆளைத் தள்ளிவைத்த அந்த அவமானம் ஓர் அரசியலுக்கே விதையானது என்பார்கள். அந்தக் காயத்தை அறிந்தவர், தன் நகரத்தில் தனக்குக் கீழே நிற்க வைக்கப்பட்டவர்களின் குடிசை எரிந்தபோது அவர்கள் பக்கம் நின்றிருக்க வேண்டும். கட்சித் தலைவர் அவர், நகரத் தலைவரும் அவர். கட்சி பேசியது பத்திரிகைக்காரர்களின் வேலை என்று அவரை விடுவிக்க முடியாது. ‘அந்தக் காலம் அப்படி’ என்ற சமாதானமும் நிற்காது, ஏனென்றால் அதே காலத்தில் ராஜா இருந்தார், அதே கட்சிக்குள் இருந்தே கேட்டார்.

வேல்ஸ் இளவரசர் விவகாரத்தில் நான் அவ்வளவு கடுமையாக இல்லை. 1922 ஜனவரியில் இளவரசர் சென்னை வந்தபோது ஒத்துழையாமைக்காரர்கள் புறக்கணித்தார்கள், இவர் வரவேற்பின் பக்கம் நின்றார், இவர் வண்ணாரப்பேட்டை வீடு தாக்கப்பட்டது. அது அவருடைய அரசியல். அதை மறைக்கவில்லை, அதற்கான விலையையும் கொடுத்தார். எனக்கு உறுத்துவது வேறு. வரி கட்டுகிறவருக்கு மட்டும் வாக்கு இருந்த நகரத்தில், வாக்கில்லாதவருக்காக யார் பேசினார்கள் என்பதுதான். ஒரு அணாச் சோறு அவர்களுடைய பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. புளியந்தோப்பு அவர்களைக் கைவிட்டது. இந்த இரண்டும் அடுத்தடுத்த ஆண்டுகளில், ஒரே மனிதரின் தலைமையில்.

இந்த எடைக்கற்களோடு பாலாற்றுக்கு வருகிறேன். தோல் வேலையை அருகிலிருந்து பார்க்காதவர்கள் மாசு என்றதும் குரோமியம் என்பார்கள். குரோமியம் கொடியதுதான், ஆனால் எங்கள் கிணறுகளை முதலில் கெடுத்தது உப்பு. ஆட்டுத் தோல் அழுகாமலிருக்க அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உப்பைப் போட்டுத்தான் டேனரிக்கு அனுப்புவார்கள். இங்கே வந்ததும் உதறி, தண்ணீரில் ஊறப்போட்டு, அலசுவார்கள். அந்த ஊறல் தண்ணீர் கடல் நீரைவிடக் கரிக்கும். பின் சுண்ணாம்புத் தொட்டி, மயிர் நீக்குதல், சதை சீவுதல், அதற்குப் பிறகுதான் பதனிடல். ஊறல் தண்ணீர் வாய்க்காலில் விழுந்து, மணலுக்குள் இறங்கி, கிணற்றில் ஏறியது. தென்னையின் குருத்து சிறுத்து, இளநீர் உப்புக் கரித்து, வாய்க்கால் கரையில் வெள்ளைப் பூத்துக் கிடந்ததைப் பார்த்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது.

பழி முழுவதையும் வியாபாரிகள் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டு, பாதித் தயாரான தோலைப் பெரியமேட்டு மண்டிகள் வழியே ஏற்றுமதி செய்த ஊர்கள் இவை. பச்சைத் தோலாகவும் பாதித் தோலாகவும் அனுப்பாதே, முழுதும் முடித்த தோலாகவும் காலணியாகவும் அனுப்பு என்று 1970-களில் தில்லி விதித்த கட்டுப்பாடுதான் குரோம் பதனிடலைப் பெருகச் செய்தது. அந்நியச் செலாவணி தேசத்துக்குப் போனது, கழிவு நீர் எங்களுக்கு மிஞ்சியது. ஷூ கம்பெனிகளில் பல்லாயிரம் பெண்களுக்கு மாதச் சம்பளம் கிடைத்ததும் அதே மாற்றத்தால்தான். அந்தச் சம்பளம் இல்லாவிட்டால் ஆம்பூரைச் சுற்றியுள்ள கிராமங்கள் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. தோல் தொழிலின் செல்வாக்கு எல்லா வாசலிலும் நின்ற ஊர்கள் இவை, நகராட்சி வாசல் உட்பட. கிணறு கெட்டபோது யார் வழக்குப் போட்டார்கள்? 1991-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது வேலூர் குடிமக்கள் நல மன்றம். நகராட்சிகள் அல்ல. 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தந்த தீர்ப்பு, மாசு செய்தவரே விலை கொடுக்க வேண்டும் என்பதை இந்தியச் சட்டத்தில் உறுதியாக்கியது. உலகச் சட்டக் கல்லூரிகளில் வேலூரின் பெயர் சொல்லிப் படிக்கப்படும் தீர்ப்பு அது. ஒரு கிலோ முடித்த தோலுக்கு சுமார் 35 லிட்டர் தண்ணீர், தோல் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் முழுதாகவோ பகுதியாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்ற விவரங்கள் அதில் இருக்கின்றன. ஒவ்வொரு டேனரிக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதித்தது நீதிமன்றம். இழப்பைக் கணக்கிட அமைக்கப்பட்ட ஆணையம் 2001-ல் 547 டேனரிகள் 29,193 பேருக்கு ரூ.26.82 கோடி தர வேண்டும் என்றது. வகுத்துப் பார்த்தால் தலைக்கு ரூ.9,200-கூட வராது. அதுவும் முழுதாகப் போய்ச் சேராமல், 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, பாக்கியை ஆறு வாரத்தில் அரசு கொடுத்துவிட்டு மாசு செய்தவர்களிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிட நேர்ந்தது.

ஒன்பதாயிரம் ரூபாய். எங்கள் ஊர்களில் ஒரு கல்யாணப் பந்தியின் ஒரு மூலைக்கும் காணாத தொகை. ஆணையம் சொன்ன மொத்தத் தொகையையும், கேட்காமலே ஓர் ஆண்டில் கொடுத்து முடிக்கும் வசதி இங்கே இருந்தது. மனமும் இருந்தது, கல்லூரிகள் அதற்குச் சாட்சி. கடமையாகக் கேட்கப்பட்டபோது இழுத்தடித்ததும், கொடையாகக் கேட்கப்பட்டபோது வாரிக் கொடுத்ததும் ஒரே கைகள் என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

சொல்ல வேண்டிய நல்லதும் உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டையில் டேனரிகள் கூட்டாகப் பணம் போட்டு, அரசின் உதவியோடு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டின. போட்டி வியாபாரிகள் ஒரே தொட்டிக்குத் தங்கள் கழிவைக் கணக்குப் பார்த்து அனுப்பச் சம்மதித்தது சின்னக் காரியமில்லை. ஆயிரம் விளக்குத் தீர்மானத்துக்கு இந்தப் பகுதியில் மிக அருகே வருவது இதுதான். ஆனால் நீதிமன்றத்தின் கெடுவும் மூடல் உத்தரவும் துரத்தியதால்தான் இது வேகம் பிடித்தது. கட்டிய பிறகும் காவல் சரியில்லை. 2015 ஜனவரி 31-ல் ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். இந்தத் தொழிலில் தொட்டிக்கு அருகே படுத்தவர்கள் எந்நாளும் ஒரே தரப்பினர்தான். முன்பு இங்குள்ள தலித்துகளும் ஏழை முஸ்லிம்களும், இப்போது அவர்களோடு வங்கத்துப் பிள்ளைகளும். புளியந்தோப்பை நான் விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே என் தீர்ப்பு இது. நகரத் தலைவர் என்ற வகையில் தியாகராயர் முதல் வரிசைக்காரர். முப்பத்தேழு ஆண்டு வேலை கற்று, கிடைத்த மூன்று ஆண்டில், பசியைப் பொதுச் செலவாக்கினார். அவருடைய கொடைகள் எதையும் சேர்க்காமலே இந்த இடம் அவருக்கு உண்டு, சேர்ப்பதால் கூடவும் இல்லை. 1921-ல் நகரத்தின் கடைசி மக்களுக்குத் தலைவராக அவர் நிற்கவில்லை. அந்தக் குறையை மதிய உணவு ஈடுகட்டாது, ஏனென்றால் சோறு போட்ட பிள்ளையின் தகப்பனுக்குச் செல்லம் கொடுத்ததைக் கலவரத்துக்குக் காரணம் என்று சொன்ன கட்சிக்குத் தலைவர் அவரேதான். தி.நகர் ஓர் ஏரியைத் தூர்த்து எழுந்த நகர் என்பதை அவர் கணக்கில் எழுதுவோரும் உண்டு. அது அவர் பதவி விட்ட பிறகு நடந்தது, அவர் மேல் ஏறாது.

எங்கள் வணிகத் தலைவர்களுக்கு என் தீர்ப்பு இதைவிடக் கடினமானது. கல்வி கொடுத்தவர்கள் என்ற வகையில் அவர்கள் தியாகராயருக்குச் சமம், சில இடங்களில் மேல். ஊரை ஆண்டவர்கள் என்ற வகையில் அவர் அருகே வைக்க முடியாது, ஏனென்றால் தண்ணீரைக் காக்கும் காரியத்தைத் தாங்களே செய்யாமல் நீதிமன்றம் செய்ய விட்டார்கள். வேலூர் 2008-ல் மாநகராட்சியானது. ஆம்பூர் இன்று திருப்பத்தூர் மாவட்டத்து நகராட்சி. இனி இங்கே தலைவராக இருந்து மறையும் எவருக்கும் மலர் வெளியிடுகிறவர்கள், நன்கொடைப் பட்டியலை அச்சிடும் முன் மன்றத்தின் தீர்மானப் புத்தகத்தை ஒருமுறை வாங்கிப் புரட்டட்டும். கழிவு நீர் வாய்க்கால், குடிநீர்ப் பரிசோதனை, துப்புரவுத் தொழிலாளர் சம்பளம் ஆகிய மூன்று தலைப்புகளில் அவர் காலத்தில் எத்தனை தீர்மானம் வந்தது, அவற்றில் எத்தனை நடைமுறைக்கு வந்தது என்று எண்ணி, அதை முதல் பக்கத்தில் போடட்டும்.